'முடியாது' என்றால் திமிரா? ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளுக்கு 'ஷூ போடு' என்ற சொல்லே ஏன் பாரமாகிறது?

காலை 7.30 மணி. ஆதம்பாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி. தெருமுனையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிறது. வீட்டுக்குள் எட்டு வயதுப் பையன், யூனிஃபார்ம் போட்டு ரெடி. இன்று ஸ்கூலில் சயின்ஸ் எக்ஸிபிஷன். ஒரு வாரமாக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறான்.

"ஷூ போடுடா."

"நான் பூனை. பூனை ஷூ போடாது."

"வேன் வந்துடுச்சு, சீக்கிரம் போடு."

"கால் வலிக்குது."

"இப்போ போடப் போறியா இல்லையா?"

அவ்வளவுதான். ஷூ பறந்து சுவரில் மோதுகிறது. பையன் கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்கிறான். வேன் கிளம்பிவிடுகிறது. அம்மா ஆபீஸுக்கு லீவ் மெசேஜ் போடுகிறார். கீழ் வீட்டிலிருந்து ஒரு குரல்: "நம்ம காலத்துல ரெண்டு போட்டா சரியாயிடும். இப்போ யாரு அடிக்கிறா?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இது பழகிய காலை. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுதான். அந்தப் பையனுக்கு ஸ்கூலுக்குப் போக ஆசை இருந்தது. ஷூ போடவும் தெரியும். பிறகு எது தடுத்தது?

'போடு' என்ற அந்தச் சொல்தான்.

பி.டி.ஏ. என்றால் என்ன?

ஆட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினரிடம் இப்படியொரு போக்கு காணப்படுகிறது. பல் தேய்ப்பது, குளிப்பது, சாப்பிடுவது, வெளியே கிளம்புவது போன்ற அன்றாட எதிர்பார்ப்புகள்கூட அவர்களுக்குத் தாங்க முடியாத பதற்றத்தைத் தருகின்றன. அந்தப் பதற்றத்திலிருந்து தப்பிக்க எதையாவது செய்கிறார்கள். சாக்கு சொல்வார்கள், பேச்சை மாற்றுவார்கள், வேறொரு பாத்திரமாக மாறிவிடுவார்கள், பேரம் பேசுவார்கள். எதுவுமே எடுபடாவிட்டால் வெடிப்பார்கள், அல்லது அப்படியே உறைந்துபோவார்கள்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பணியாற்றிய உளவியலாளர் எலிசபெத் நியூசன் 1980-களில் இதற்கு 'பேத்தலாஜிக்கல் டிமாண்ட் அவாய்டன்ஸ்' என்று பெயரிட்டார். சுருக்கமாக பி.டி.ஏ. அவரிடம் வந்த சில குழந்தைகள் ஆட்டிசம் உள்ளவர்களைப் போலவும் இருந்தார்கள், அன்றைய ஆட்டிச வரையறைக்குள் முழுதாக அடங்காமலும் இருந்தார்கள். நன்றாகப் பேசினார்கள், கற்பனை விளையாட்டில் கெட்டிக்காரர்களாக இருந்தார்கள். ஆனால், எதையாவது செய்யச் சொன்னால் மட்டும் தலைகீழாக மாறினார்கள். 2003-ல் நியூசனும் சக ஆய்வாளர்களும் இதை மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் விரிவாக எழுதினார்கள்.

'பேத்தலாஜிக்கல்' என்ற சொல் நோய் முத்திரை குத்துகிறது என்பதால் 'எக்ஸ்ட்ரீம் டிமாண்ட் அவாய்டன்ஸ்', அதாவது அதீத கட்டளைத் தவிர்ப்பு, என்று சிலர் சொல்கிறார்கள். பி.டி.ஏ. என்ற அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு, 'தன் விஷயத்தைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்ற தீராத உந்துதல்' என்ற பொருளில் வேறு விரிவாக்கம் கொடுப்பவர்களும் உண்டு.

அடம் பிடிக்காத குழந்தை உண்டா?

இல்லை. எல்லாக் குழந்தைகளும் அடம் பிடிக்கும். பெரியவர்களும் வேலையைத் தள்ளிப் போடுகிறோம். வேறுபாடு மூன்று இடங்களில் தெரியும்.

ஒன்று, பிடித்த விஷயத்துக்கும் இதே கதைதான். அடம் பிடிக்கும் குழந்தை கத்தரிக்காய் வேண்டாம் என்று சொல்லும், ஐஸ்கிரீமை வாங்கிக்கொள்ளும். இங்கே, தானே ஆசைப்பட்டுக் கேட்ட பீச் டிரிப்புக்கும் கிளம்ப முடியாமல் போகிறது. 'போகணும்' என்று ஆகிவிட்டால் ஆசையும் கட்டளையாகிவிடுகிறது.

இரண்டு, கட்டளை வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்றில்லை. பசி ஒரு கட்டளை. பாத்ரூம் போக வேண்டும் என்ற உணர்வும் கட்டளை. 'இன்னிக்கு இதை முடிக்கணும்' என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வதும் கட்டளைதான். அதனால்தான் 'யாரும் எதுவும் சொல்லலையே, அப்புறம் ஏன்?' என்ற கேள்விக்குப் பல நேரம் வெளியே பதில் கிடைப்பதில்லை.

மூன்று, வெடித்து ஓய்ந்த பிறகு வருவது வெற்றிக் களிப்பு அல்ல. அழுகை, களைப்பு, வெட்கம். 'நான் ஏன் இப்படிப் பண்றேன்?' என்று குழந்தையே கேட்கும். திட்டமிட்டு அடம் பிடித்துச் சாதிப்பவர் இப்படி உடைந்துபோவாரா?

ஆட்டிசம் என்றதும் தமிழ் ரசிகர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' படத்துச் சிறுவன். பேச்சு குறைவு, தனி உலகம். ஆனால், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துச் சிரித்துப் பேசி, சாக்குப்போக்குச் சொல்லி நழுவும் குழந்தைக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்பது பலருக்கும் தோன்றுவதில்லை. சில பிள்ளைகள் ஸ்கூலில் நாள் முழுக்க அடக்கிக்கொண்டு நல்ல பெயர் வாங்கிவிட்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் வெடிப்பார்கள். 'எங்ககிட்ட நல்லாத்தானே இருக்கான், வீட்லதான் ஏதோ பிரச்சினை' என்று டீச்சர் சொல்லும்போது, பழி முழுவதும் அம்மா தலையில் விழுகிறது.

மருத்துவ நூலில் இருக்கிறதா?

இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 வகைப்பாட்டிலும் இது கிடையாது. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 வகைப்பாட்டிலும் கிடையாது.

ஆய்வாளர்களிடையே வாதமும் ஓயவில்லை. ஜொனாதன் கிரீன் தலைமையிலான பிரிட்டிஷ் நிபுணர்கள் 2018-ல், இந்த அறிகுறிகள் நிஜம்தான், ஆனால் இதைத் தனிக் குறைபாடாகக் கருத ஆதாரம் போதாது என்று எழுதினார்கள். ஆட்டிசம் உள்ள சமூகவியலாளரான டேமியன் மில்டன் இன்னொரு பக்கத்திலிருந்து கேள்வி கேட்டார். ஒருவர் மீது ஓயாமல் அதிகாரம் செலுத்தும் உலகத்தில், அதை அவர் எதிர்ப்பதை எப்படி நோய் என்று சொல்ல முடியும்? ஆய்வுகளும் இன்னும் குறைவு. பெரும்பாலானவை பெற்றோர் அளித்த பதில்களை நம்பியவை.

இந்த வாதத்தில் யார் ஜெயித்தாலும், ஆதம்பாக்கத்துப் பையனுக்கு நாளைக் காலையில் தேவைப்படுவது மாறப்போவதில்லை. பதற்றம் காரணம் என்றால் பதற்றத்தைக் குறைக்க வேண்டும். அதிகாரம் காரணம் என்றால் அதிகாரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டும் ஒரே வாசலில்தான் வந்து நிற்கின்றன: கட்டளைகளைக் குறையுங்கள். பெயர் கிடைக்கும்வரை உதவியைத் தள்ளிப் போட வேண்டிய அவசியம் இல்லை.

நம் வீட்டில் அன்பே கட்டளைதான்

இந்தப் பிள்ளைகளுக்கு நம்மூர் கூடுதலாகக் கஷ்டம் கொடுக்கிறது என்று சொன்னால் மிகையில்லை. காரணம் கொடுமை அல்ல, பாசம்.

தமிழ் வீடுகளில் அக்கறை பெரும்பாலும் ஏவலாகத்தான் வெளிப்படும். 'சாப்பிடு', 'இன்னொரு தோசை போட்டுக்கோ', 'எண்ணெய் தேய்ச்சுக்கோ', 'வெயில்ல போகாதே', 'நேரத்தோட தூங்கு.' ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் குழந்தை மேல் விழும் வாக்கியங்களை எண்ணிப் பாருங்கள். 'மாமாவுக்கு வணக்கம் சொல்லு', 'நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்', 'தாத்தா கால்ல விழுந்து கும்பிடு', 'ஒரு பாட்டுப் பாடிக் காட்டு.' பத்து நிமிடத்தில் இருபது கட்டளை. சொன்னவர்கள் எல்லாரும் பாசத்தோடுதான் சொன்னார்கள். குழந்தைக்கோ மூச்சு முட்டுகிறது.

அது மேஜைக்கு அடியில் ஒளிந்துகொண்டால், 'வளர்ப்பு சரியில்லை' என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். 'அடியாத மாடு படியாது' என்ற பழமொழியும் கூடவே வரும்.

அடித்தால் என்ன ஆகும்? பயத்தில் சில நாள் படியலாம். ஆனால், ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் மனத்துக்கு வீடே ஆபத்தான இடமாகிவிடும். அடுத்த 'முடியாது' இன்னும் பெரிதாக வரும், அல்லது குழந்தை பேச்சையே நிறுத்திக்கொள்ளும்.

ஸ்டார் சார்ட்டும் எடுபடலையே?

அடிக்காத பெற்றோர் அடுத்து எடுப்பது பரிசு. ஃப்ரிட்ஜ் கதவில் சார்ட், பல் தேய்த்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்கு ஒரு பொம்மை. பல குழந்தைகளிடம் இது வேலை செய்யும். ஆனால், பி.டி.ஏ. போக்கு உள்ளவர்களிடம் வழக்கமான பரிசு–தண்டனை முறை பெரும்பாலும் எடுபடுவதில்லை என்று பிரிட்டனின் 'பி.டி.ஏ. சொசைட்டி' போன்ற அமைப்புகள் சொல்கின்றன. காரணம் எளிது. பரிசு என்பதும் மறைமுகமான கட்டளைதான். ஸ்டார் வாங்க வேண்டும் என்பது புதிதாகச் சேர்ந்த இன்னொரு பாரம்.

பாராட்டுகூடச் சில நேரம் பாரமாகும். 'சூப்பர்டா கண்ணா, இனிமே தினமும் இப்படியே பண்ணணும், சரியா?' என்பதில் முதல் பாதி பாராட்டு, இரண்டாவது பாதி ஆயுள் முழுக்க நீளும் ஆர்டர்.

வாக்கியத்தை மாற்றிப் பார்க்கலாம்

அப்படியானால் என்னதான் செய்வது? தீர்வின் ஒரு பகுதி தமிழுக்குள்ளேயே இருக்கிறது.

'சாப்பிடு' என்பது ஏவல். 'சாப்பிடலாமா?' என்பது அழைப்பு. கேட்பவரும் அதில் சேர்ந்துகொள்கிறார். 'தோசை சூடா இருக்கு' என்பது வெறும் தகவல். அதைக் கேட்டு என்ன செய்வது என்பதைக் குழந்தையே முடிவுசெய்யலாம். மூன்றும் ஒரே தட்டைப் பற்றியவைதான். கேட்கும் மனத்தில் எடை மட்டும் வேறு.

ஒரு எச்சரிக்கை. 'சாப்பிடலாமா?' என்று கேட்டுவிட்டு, 'வேண்டாம்' என்றதும் முகம் மாறினால் அது கேள்வியே அல்ல, முக்காடு போட்ட கட்டளை. குழந்தைகள் இதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

'பி.டி.ஏ. சொசைட்டி' தன் ஆலோசனைகளை ஆங்கில எழுத்துகளைக் கோத்து 'பாண்டா' என்று சுருக்கிச் சொல்கிறது. நம் வீட்டுக்கு ஏற்றபடி அதைச் சொன்னால் இப்படி இருக்கும்.

• எது முக்கியம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். சாலையில் ஓடாமல் இருப்பது, மருந்து, பிறரைக் காயப்படுத்தாமல் இருப்பது ஆகியவை விட்டுக்கொடுக்க முடியாதவை. ஃபங்ஷனுக்குப் பட்டு வேட்டி கட்டுவது அப்படியல்ல.

• முதலில் பதற்றத்தைப் பாருங்கள். மிக்ஸி சத்தம், சட்டைக் காலர் லேபிள், திடீரென்று மாறிய பிளான் என்று அன்று ஏற்கெனவே எவ்வளவு ஏறியிருக்கிறது? நிரம்பிய குடத்தில் இன்னொரு டம்ளர் ஊற்றாதீர்கள்.

• சேர்ந்து முடிவெடுங்கள். 'வேன் 7.40-க்கு வரும். ஷூவை இங்கேயே போடலாம், இல்ல கையில எடுத்துட்டுப் போய் வேன்லயும் போடலாம்.' எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவனுடைய முடிவு.

• கட்டளையின் முகத்தை மாற்றுங்கள். 'பூனைக்கு எந்தக் கால்ல முதல்ல ஷூ போடுவாங்க?' என்று அவன் விளையாட்டுக்குள்ளேயே போகலாம். ஷூவை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துவிடலாம்.

• நாளுக்கு நாள் மாறத் தயாராக இருங்கள். நேற்று எடுபட்டது இன்று எடுபடாது. அது உங்கள் தோல்வி அல்ல.

கூட்டுக் குடும்பத்தில் இது இன்னும் சிக்கல். அம்மா குறைத்த கட்டளையைப் பாட்டி கூட்டிவிடுவார். பாட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. 'அத்தை, நீங்க அவன்கிட்ட கேட்காம, பக்கத்துல உட்கார்ந்து நீங்க சாப்பிடுங்க, அவனே வருவான்' என்று ஒருமுறை முயன்று காட்டினால், ஒரு மணி நேர விளக்கத்தைவிட அது பேசும்.

செல்லம் கொடுத்தா கெட்டுப்போக மாட்டானா?

நியாயமான பயம். நாளைக்கு மேனேஜர் 'ஷூவை வேன்ல போட்டுக்கோ' என்று சொல்ல மாட்டார்தான்.

ஆனால், காலில் கட்டுப் போட்டிருப்பவரை மாடிப்படி ஏறச் சொல்லாமல் இருப்பதைச் செல்லம் என்று யாரும் சொல்வதில்லை. கட்டளையைக் குறைப்பது என்பது வாழ்நாள் முழுக்க எதையும் கேட்காமல் இருப்பது அல்ல. மனம் நிதானத்துக்கு வரும் அளவுக்குக் குறைத்து, பிறகு தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்லக் கூட்டுவது. பதற்றத்தில் இருக்கும்போது எந்தக் குழந்தையும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒவ்வொரு வாக்கியத்தையும் யோசித்துப் பேசுவது பெற்றோரைக் களைப்படையச் செய்யும். 'அவனுக்கு மட்டும் ஏன் சலுகை?' என்று தங்கச்சி கேட்பாள். அவளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். இந்த வேலை முழுவதும் ஒரே அம்மா தலையில் விழுந்தால் எந்த முறையும் நீடிக்காது. அப்பாவும் சொந்தங்களும் பங்கெடுக்க வேண்டும்.

ஸ்கூலிடம் என்ன கேட்கலாம்?

இந்தியாவில் ஆட்டிசச் சான்றிதழுக்கான மதிப்பீடு, 40 கேள்விகள் கொண்ட 'ஐ.எஸ்.ஏ.ஏ.' என்ற இந்திய அளவுகோலைக் கொண்டு நடக்கிறது. அதில் பி.டி.ஏ. என்று தனிக் கட்டம் கிடையாது. ஆனால், சட்டம் லேபிளோடு நின்றுவிடவில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அரசு நடத்தும், அரசு உதவி அல்லது அங்கீகாரம் பெறும் பள்ளிகளில் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ற நியாயமான மாற்றங்கள் செய்து தரப்பட வேண்டும் என்கிறது அதன் 16-வது பிரிவு. இப்படிப்பட்ட மாற்றங்களைப் பெற 40 சதவீத ஊனம் என்ற வரம்பை எட்டியாக வேண்டியதில்லை என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமல்ல, மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 'எல்லார் முன்னாடியும் எழுந்து நில்லு' என்பது எந்தப் பக்கம் வரும் என்று ஒவ்வொரு டீச்சரும் யோசிக்கலாம்.

கேட்க வேண்டிய மாற்றங்களுக்குப் பணமும் பெரிதாகச் செலவாகாது. பிரேயருக்குப் பிறகு வகுப்புக்குள் வர அனுமதி. ஐந்து கேள்வியில் எந்த மூன்றை எழுதுவது என்று அவனே தேர்ந்தெடுப்பது. தாங்க முடியாதபோது காட்டிவிட்டு வெளியே போய் வர ஒரு கார்டு. நம்பிப் பேச ஒரே ஒரு டீச்சர். ஹோம்வொர்க்கில் பாதி.

ஆட்டிசம் இருக்குமோ என்ற சந்தேகமே இப்போதுதான் வந்திருக்கிறது என்றால், தென் சென்னைக்காரர்களுக்கு ஈ.சி.ஆரில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 1985-ல் தொடங்கப்பட்ட வித்யாசாகர் கோட்டூர்புரத்தில் இருக்கிறது. தமிழில் படித்துத் தெரிந்துகொள்ள யெஸ்.பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' நல்ல தொடக்கம். டாக்டரிடமோ தெரபிஸ்டிடமோ 'பி.டி.ஏ.' என்ற பெயரோடு போவதைவிட, எந்தக் கட்டளைக்கு என்ன நடந்தது, எப்படிச் சொன்னபோது நடக்கவில்லை என்று இரண்டு வாரக் குறிப்போடு போவது பயன் தரும்.

இது குழந்தைகளோடு முடிவதில்லை

2021-ல் உலகில் 127 பேரில் ஒருவர் ஆட்டிசம் உள்ளவர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பலர் பெரியவர்கள். சிலர் உங்கள் டீமில் இருக்கலாம், தங்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். வேலையில் கெட்டிக்காரர், ஆனால் 'சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடு' என்ற மெசேஜைப் பார்த்ததும் லேப்டாப்பைத் திறக்கவே முடியாமல் உட்கார்ந்திருப்பவர். மேனேஜர் கண்ணுக்கு அவர் பொறுப்பில்லாதவர்.

அங்கேயும் மருந்து அதேதான். எப்படிச் செய்வது என்பதை அவரிடமே விடுவது, நாளுக்கு மூன்று ஃபாலோ-அப் கால் செய்யாமல் இருப்பது, 'இது புதன்கிழமை கிளையன்டுக்குப் போகுது, எந்தப் பகுதியை நீங்க எடுக்கலாம்னு தோணுது?' என்று கேட்பது. இப்படிப் பேசுவது ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் பிடிக்கும் என்பது கூடுதல் லாபம்.

மறுபடியும் அந்த இரண்டாவது மாடிக்கு வருவோம். நாளையும் 7.30-க்கு ஹாரன் கேட்கும். அவன் நாளையும் பூனையாக இருக்கலாம். அம்மா ஷூவை வாசலில் வைத்துவிட்டு, "வேன் வந்துடுச்சு. பூனை எப்படி வருதுன்னு கீழே போய்ப் பார்க்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கலாம். ஷூ காலில் வரலாம், கையில் வரலாம், சில நாள் வராமலும் போகலாம்.

கீழ் வீட்டுக்காரர் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. அறிவுரை சொல்லாமல் இருப்பது. அந்த அம்மாவுக்கு அன்றைய நாளில் ஒரு கட்டளையாவது குறையும்.